ஒலாலியா, ஸ்னோ லேக்கா, கோல்சக்கா? சியாட்டல் பக்கத்தில் எந்த மலை ஏரிக்கு நடப்பது

ஜூன் பிறந்ததும் சியாட்டல் வட்டாரத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் லீவு விட்டாச்சு, மலை மேல் காட்டுக்குள் இருக்கும் ஏதாவது ஓர் ஏரிக்கு நடந்து போகலாம் என்று பார்க்கிறோம், எது நல்லது? உடனே யாராவது ஒரு படத்தைப் போடுவார்கள். பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர், பின்னால் பனி ஒட்டிய கருங்கல் சிகரம். அது கோல்சக் ஏரி. படத்தில் இருப்பது உண்மைதான். சியாட்டலை அடுத்த பெல்வியூ நகரிலிருந்து கிட்டத்தட்ட மூன்று மணி நேரக் கார்ப் பயணமும், போய்வர 8 மைல் நடையும், 2,300 அடி ஏற்றமும் படத்தில் தெரியாது.

அதனால் இங்கே மூன்று ஏரிகளை எடுத்துக்கொள்கிறேன்: ஒலாலி (போகிற வழியில் டேலபஸ் ஏரியும் சேர்த்து), ஸ்னோ லேக், கோல்சக். மூன்றும் ஆல்பைன் லேக்ஸ் வனப்பகுதிக்குள் இருப்பவை. கேஸ்கேட் மலைத்தொடரின் முதுகில் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருக்கும் இடம் அது. ஏரியும் குளமுமாக 700-க்கு மேல் அதற்குள் இருக்கின்றன. 1976 ஜூலையில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்துப் போட்டு இது சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அவர் கையெழுத்துப் போடத் தயங்கியபோது, அப்போதைய வாஷிங்டன் ஆளுநர் டான் எவன்ஸ் இந்த மலைகளின் படங்கள் நிறைந்த ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிப் பேசினார் என்பது இங்கே நடக்கிறவர்கள் நன்றியோடு சொல்லும் கதை. அந்தப் பாதுகாப்பு எவ்வளவு கறாரானது என்றால், உள்ளே சைக்கிள்கூடப் போகக் கூடாது. பாதையில் மரம் சாய்ந்தால் மோட்டார் ரம்பம் கொண்டு வெட்டுவதில்லை, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் பழைய ரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது நமக்குக் கிடைத்த பெரிய வரம் என்றே நினைக்கிறேன்.

தேர்ந்தெடுப்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையில் நீங்கள் உட்காரப்போவது அரை மணியோ ஒரு மணியோ. மற்ற நாலைந்து மணி நேரமும் நடை. எனவே எந்த ஏரி அழகு என்று கேட்பதைவிட, எந்த நடை நம் கூட்டத்தில் மெதுவாக நடக்கிறவருக்குச் சரிப்படும் என்று கேட்க வேண்டும். அதிலும் ஏறும்போது மூச்சு வாங்குவதை எல்லோரும் கவனிப்பார்கள். இறங்கும்போது முட்டி படும் பாட்டை யாரும் யோசிப்பதில்லை. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இறக்கம்தான் சோதனை.

ஒலாலியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் முதலில் பரிந்துரைப்பதும் அதைத்தான். ஐ-90 நெடுஞ்சாலையில் 45-ஆம் எக்ஸிட். அங்கிருந்து கொஞ்ச தூரம் குண்டும் குழியுமான மண் சாலை. சாதாரண கார் மெதுவாகப் போய்விடும். போய்வர சுமார் 6 மைல், ஏற்றம் 1,200 அடி சொச்சம். பாதை ஆரம்பத்தில் பழைய மரம் வெட்டும் சாலை என்பதால் அகலமாக, சீராக ஏறும். அப்புறம் காடு நெருங்கிவிடும். ஹெம்லாக், டக்ளஸ் ஃபிர், சில்வர் ஃபிர் என்று ஊசியிலை மரங்கள், அவற்றுக்குக் கீழே பெரணி, பாசி மூடிய கட்டைகள். சேறாக இருக்கும் இடங்களில் பலகை போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஓடையின் சத்தம் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த வழியில் பெரிய காட்சிகள் கிடையாது என்று பலர் குறை சொல்வார்கள். உண்மைதான், சிகரம் சிகரமாகப் படம் எடுக்க இது இடமில்லை. ஆனால் காடுதான் வேண்டும் என்பவருக்கு மூன்றில் இதுவே சிறந்தது. முழு நிழல். ஜூலை வெயிலிலும் தலை காயாது. வழுக்குப் பாறையோ விளிம்பு ஓரமோ இல்லாததால் பிள்ளைகள் நாலு அடி முன்னால் ஓடினாலும் பதறத் தேவையில்லை. பாட்டி ஒரு கட்டையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வரலாம். ஆகஸ்டில் வழியோரச் செடிகளில் ஹக்கிள்பெரி பழுத்திருக்கும். அடையாளம் தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய கொண்டாட்டம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்தப் பாதையில் நடுவில் நிறுத்திக்கொள்ள ஒரு நல்ல இடம் இருக்கிறது. சுமார் 2 மைலில் டேலபஸ் ஏரி வந்துவிடும். அதுவே முழுமையான ஏரிதான், மரங்கள் சூழ்ந்து அமைதியாக இருக்கும். அங்கே வரும்போது அம்மாவுக்குப் போதும் என்று தோன்றினால், அம்மாவோடு ஒருவர் அங்கேயே உட்கார்ந்துகொள்ள, மற்றவர்கள் இன்னொரு மைல் ஏறி ஒலாலியைப் பார்த்துவிட்டு வரலாம். யாருக்கும் பாதியில் திரும்பிய வருத்தம் இருக்காது. பழனி மலைப்படியை நின்று நின்று ஏறிவிடும் பெற்றோரால் டேலபஸ் வரை வந்துவிட முடியும் என்று தைரியமாகச் சொல்வேன். ஸ்னோ லேக்கிலும் கோல்சக்கிலும் இந்த வசதி இல்லை. அவற்றில் ஏரி கடைசியில்தான் வரும், பாதி வழியில் திரும்பினால் ஏரியைப் பார்க்காமல்தான் திரும்ப வேண்டும்.

ஒலாலிக்கு ஒரு குறை உண்டு: கொசு. பனி உருகி முடிந்த சில வாரங்களுக்கு, அதாவது ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவரை, ஏரிக்கரையில் உட்கார விடாது. நம் ஊர்க் கொசுவைப் பார்த்தவர்கள்தானே என்று அலட்சியமாகப் போக வேண்டாம். டீட் அல்லது பிக்காரிடின் கலந்த மருந்து பூசிக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடு போங்கள். ஆகஸ்ட் பிறந்தால் தொல்லை குறைந்துவிடும்.

அடுத்தது ஸ்னோ லேக். 52-ஆம் எக்ஸிட்டில் திரும்பி ஆல்பென்டால் பனிச்சறுக்கு இடத்துக்குப் போனால் பாதை அங்கேயே தொடங்குகிறது. வாசல் வரை தார்ச் சாலை, கழிப்பறை உண்டு, பெல்வியூவிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. இந்த வசதியினாலேயே இந்த வனப்பகுதியில் மிக அதிகமாக ஆட்கள் வரும் ஏரிகளில் ஒன்றாக இது ஆகிவிட்டது. போய்வர 7 மைல் அளவு, ஏற்றம் 1,800 அடி.

எண்ணைப் பார்த்தால் ஒலாலியைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று தோன்றும். நடந்து பார்த்தால் வேறு மாதிரி. முதல் பாதியில் பள்ளத்தாக்கின் ஓரமாகப் பாறைச் சரிவுகளுக்கும் மரங்களுக்கும் நடுவில் நடக்கிறோம். காலடியில் கல்தான், கணுக்காலுக்கு வேலை. பிறகு வளைந்து வளைந்து 4,400 அடி உயரத்தில் ஒரு மேட்டுக்கு ஏறுகிறோம். அங்கே நின்றால் மறுபக்கம் கீழே ஏரி விரிந்து கிடக்கிறது. முதல்முறை பார்க்கும் யாரும் சத்தமில்லாமல் நிற்க மாட்டார்கள், அப்படி ஒரு காட்சி. அருகிலேயே சேர் பீக் சிகரம். பாறைச் சரிவுகளில் பைக்கா என்ற உள்ளங்கை அளவு முயலினச் சிறுபிராணி கீச்சிடும். சத்தம் வந்த பக்கம் அசையாமல் நின்று பார்த்தால் வாயில் புல்லோடு ஓடுவது தெரியும், குளிர்காலத்துக்குத் தீவனம் சேர்க்கிறது.

சரி, சிக்கல் எங்கே? அந்த மேட்டிலிருந்து ஏரிக்கு ஏறத்தாழ 400 அடி இறங்க வேண்டும். போகும்போது அது சுகமாக இருக்கும். கரையில் புளியோதரையும் தயிர் சாதமும் சாப்பிட்டு, கண் சொருகும் நேரத்தில், திரும்பும் வழியின் முதல் வேலை அந்த 400 அடியைத் திரும்ப ஏறுவது. அதன் பிறகு மேட்டிலிருந்து கார் வரை கல் பாதையில் நீண்ட இறக்கம். முட்டி வலி உள்ளவர்களை ஸ்னோ லேக்குக்கு அழைத்துப் போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த இரண்டும்தான் காரணம். வந்தே தீருவேன் என்பவருக்கு ஒரு வழி உண்டு: மேட்டோடு நிறுத்திக்கொள்வது. ஏரியை அங்கிருந்தே முழுசாகப் பார்க்கலாம், இரண்டாவது ஏற்றமும் மிச்சம்.

பெயரில் இருக்கும் பனி விளையாட்டில்லை. ஜூலை நடுவரை மேட்டுப் பக்கம் பனி கிடக்கும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் இந்தப் பாதை பனிச்சரிவு இறங்கும் தடங்களைக் குறுக்கே கடக்கிறது. கீழே நகரத்தில் செர்ரி பூத்துவிட்டது, வெயில் அடிக்கிறது என்று ஏப்ரலிலும் மே மாதத்திலும் சாதாரண ஷூவோடு இதற்குக் கிளம்பும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. பனிச்சரிவு பற்றிப் பயிற்சி இல்லாதவர்கள் ஜூலை கடைசிக்கு முன் ஸ்னோ லேக்கை யோசிக்கவே வேண்டாம்.

இப்போது கோல்சக். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டூவர்ட் மலைத்தொடரின் பனியாறு பாறையை அரைத்து நுண்ணிய தூளாக்கி ஏரிக்குள் அனுப்புகிறது. தண்ணீரில் மிதக்கும் அந்தத் தூளில் வெயில் பட்டுச் சிதறுவதால்தான் அந்த நிறம். நிறத்துக்காக மட்டும் போகலாம் என்றால்கூட நியாயமான ஆசைதான். எதிர்க்கரையில் 8,840 அடி உயர ட்ராகன்டெயில் சிகரம் தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நிற்கும். மேற்குப் பக்கக் காட்டுக்கும் இதற்கும் வித்தியாசமும் உண்டு. இது மலைமுதுகின் கிழக்குச் சரிவு, மழை குறைவு. காடு உலர்ந்து, பைன் வாசனையோடு, வெளிச்சமாக இருக்கும். சியாட்டல் பக்கம் தூறிக்கொண்டிருக்கும் நாளில் இங்கே வானம் வெளுத்திருப்பது அடிக்கடி நடக்கும்.

ஆனால் இதற்குக் கொடுக்க வேண்டிய விலை பெரியது. கோல்சக்குக்குப் பக்கத்து ஊரான லெவன்வொர்த்துக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல். அப்புறம் ஐசிக்கிள் சாலை, அதன் பிறகு செங்குத்தான மண் சாலை. கோடை வார இறுதிகளில் விடிவதற்கு முன்பே பார்க்கிங் நிரம்பிவிடுகிறது. பாதையின் முதல் ஒன்றரை மைல் ஓடையோரமாக ஏமாற்றும் அளவு லேசாகப் போகும். இரண்டரை மைலில் ஸ்டூவர்ட் ஏரிக்கான கிளைப்பாதை பிரிந்த பிறகு ஒரு பாலம், பாறைக் குவியல், அதற்கு மேல் வேரும் கல்லுமாகக் கடைசி வரை ஏற்றம்தான். ஏரி இருப்பது ஏறத்தாழ 5,600 அடி உயரத்தில். அடிக்கடி நடக்கிறவர்களுக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும். முதல்முறை வருகிறவர்களுக்கு எட்டு மணி நேரமும் ஆகலாம். அதன்பின் மூன்று மணி நேரம் காரோட்டி வீட்டுக்கு வர வேண்டும். ஓட்டுநர் யார், அவர் அன்று காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதையும் கணக்கில் சேருங்கள். மலையில் நடப்பதைவிட இரவில் ஸ்டீவன்ஸ் கணவாய் வழியாகத் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவது எனக்குப் பெரிய பயம். முடிந்தால் முந்தைய இரவு லெவன்வொர்த்தில் தங்கிவிடுங்கள்.

கோல்சக்கில் இரவு கூடாரம் போட நினைத்தால் அது வேறு விஷயம். மே 15 முதல் அக்டோபர் 31 வரை கோல்சக் இருக்கும் என்சான்ட்மென்ட்ஸ் பகுதியில் இரவு தங்குவதற்குக் குலுக்கலில் அனுமதி எடுக்க வேண்டும், அதற்கு விண்ணப்பிப்பது பிப்ரவரியில். ஜூன் மாதம் யோசித்தால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம், மிச்சம் மீதி ஏதாவது கிடைத்தால் உண்டு. பகலில் போய் வருவதற்குக் குலுக்கல் இல்லை. பாதை தொடங்கும் இடத்தில் பெட்டியில் இருக்கும் இலவசச் சீட்டை நிரப்பிக்கொண்டால் போதும். நாய்க்கு இங்கே அனுமதி இல்லை. ஒலாலிக்கும் ஸ்னோ லேக்குக்கும் கயிறு கட்டி அழைத்துப் போகலாம்.

ஏரிக்கு அப்பால் தெரியும் ஆஸ்கார்ட் கணவாயைப் பார்த்து, கூட வரும் இளைஞர்கள் அதையும் ஏறிவிடலாம் என்பார்கள். முக்கால் மைல் தூரத்துக்குள் ஏறத்தாழ 2,000 அடி ஏறும் கல்சரிவு அது. குடும்பத்தோடு வந்த நாளில் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு விதியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மக்கள் அதிகம் தடுக்கி விழுவது இதில்தான். இந்த வனப்பகுதிக்குள் ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் போகக் கூடாது, கோல்சக் இருக்கும் பகுதியில் 8 பேர்தான். நான்கு குடும்பம் சேர்ந்தாலே 16 பேர் ஆகிவிடுவோம். இரண்டு குழுவாகப் பிரிந்து, நேரம் விட்டுக் கிளம்பி, ஏரியிலும் தனித்தனி இடத்தில் உட்கார வேண்டும். மொத்தமாகக் கூடி, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, சத்தமாகச் சாப்பிட வேண்டும் என்றால் நகரத்துப் பூங்காக்கள் அதற்கு அருமையான இடம். கிரில் அடுப்பு, மேசை, கழிப்பறை எல்லாம் அங்கே இருக்கும். காட்டுக்குள் ஒரு கூட்டத்தின் சத்தம் ஏரியின் அக்கரை வரை போகும். அந்த அமைதிக்காகவே மைல் கணக்கில் நடந்து வந்தவர்கள் அங்கே இருப்பார்கள்.

காரை நிறுத்துவதற்கான பாஸ் விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. மாநிலப் பூங்காக்களுக்கு வாங்கும் டிஸ்கவர் பாஸ் இந்த மூன்று இடத்திலும் செல்லாது. நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் வேண்டும், நாளுக்கு 5 டாலர், ஆண்டுக்கு 30 டாலர். தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டுப் பாஸ் இருந்தால் அதுவும் போதும்.

தண்ணீரில் இறங்குவதைப் பற்றியும் அழுத்தமாகச் சொல்கிறேன். மூன்று ஏரியும் பனி உருகிய தண்ணீர், ஆகஸ்டிலும் சில்லென்று இருக்கும். திடீரென்று குதித்தால் மூச்சு திணறி, நன்றாக நீச்சல் தெரிந்தவர்களுக்கே கை கால் ஓடாமல் போகும். காப்பாற்ற ஆள் கிடையாது, போன் சிக்னலும் பெரும்பாலும் கிடையாது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்கட்டும். மிஞ்சிய சோற்றைப் பறவைக்கும் அணிலுக்கும் போடுவது நமக்குப் புண்ணியமாகத் தெரியும். இங்கே அது அந்த உயிர்களுக்குக் கேடு. மனிதர்கள் கையை எதிர்பார்த்துப் பழகிவிட்டால் குளிர்காலத்தில் அவற்றின் பாடு திண்டாட்டம்தான். எலுமிச்சைத் தோல், கறிவேப்பிலை முதற்கொண்டு எல்லாவற்றையும் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வர வேண்டும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: காட்டுத்தீப் புகை. 2022 செப்டம்பரில் ஸ்கைகோமிஷ் பக்கம் போல்ட் க்ரீக் தீ பரவியபோது லெவன்வொர்த்துக்குப் போகும் 2-ஆம் நெடுஞ்சாலையையே மூடினார்கள். கோல்சக் போகத் திட்டமிட்டால் முந்தைய நாள் சாலை நிலவரத்தையும் காற்றின் தரத்தையும் பார்த்துவிட்டு, ஒலாலியை மாற்றுத் திட்டமாக வைத்துக்கொள்வது நல்லது. பெரியவர்களுக்கு ஆஸ்துமா இருந்தால் புகை நாளில் எந்த ஏரியும் வேண்டாம்.

ஆக, என் முடிவு இது. அப்பா அம்மா வருகிறார்கள் அல்லது பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் டேலபஸ், ஒலாலி. இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. தம்பதியாகவோ, நடந்து பழகிய நண்பர்களாகவோ, வளர்ந்த பிள்ளைகளோடோ போகிறீர்கள், பெரிய காட்சியும் வேண்டும், மாலைக்குள் வீடும் திரும்ப வேண்டும் என்றால் ஸ்னோ லேக். வார நாளில் ஒரு லீவு போட்டுப் போனால் கூட்டம் பாதியாகக் குறையும். கோல்சக்குக்கு ஸ்னோ லேக்கை அலுப்பில்லாமல் நடந்து முடித்தவர்கள் மட்டும் போகட்டும். அதற்கு முன் அது ஒரு பரீட்சையாகத்தான் இருக்கும், பாதி அழகு களைப்பிலேயே போய்விடும். மூன்றையும் ஒரே கோடையில் முடிக்க நினைப்பவர்கள் ஜூன் கடைசியில் கொசு மருந்தோடு ஒலாலிக்கும், ஆகஸ்ட் முதல் வாரங்களில் ஸ்னோ லேக்குக்கும், லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) கழிந்த ஒரு வார நாளில் கோல்சக்குக்கும் போகலாம். செப்டம்பர் நடுவில் ஏழே கால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஆளுக்கொரு தலைவிளக்கு பையில் இருக்கட்டும்.